ஒளிப்படமும் புல ஆழமும்

எங்கள் இல்லத்துக் கூடத்தின் கிழக்குச் சுவரில் ஓர் ஒளிப்படம் மாட்டப்பட்டுள்ளது. எண்பத்தாறு வயதுடைய மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்து, கோயிலுக்குச் சாத்துவதற்காக மல்லிகைச் சரம் தொடுக்கும் காட்சி அது. முடிச்சுச் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்காக அவர் சரத்தை முகவாய்க்கு நேரே உயர்த்திப் பிடித்திருக்கிறார். அச்சரத்தின் மொட்டுக்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். வாழைநாரின் இழைகளையும் எண்ணலாம். விரல் நகத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மகரந்தப் பொடியையும் காணலாம். ஆனால், அம்மூதாட்டியாரின் கண்களைக் காண முயல்வோர்க்கு, மார்கழிப் பனியினூடே குளத்தைப் பார்ப்பது போன்ற மங்கலே கிடைக்கும். அம்மூதாட்டியார் என் அன்னையார். படம் எடுத்தவன் யான்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், பொழுது போக்கற்று இருந்த என்னிடம் என் மகள் தன் ஒளிப்படக் கருவியைக் கொடுத்து, “அப்பா, பாட்டியைப் படம் எடுங்கள்” என்று சொல்லிச் சென்றாள். திண்ணையில் வெளிச்சம் குறைவு. ஒளி குறைந்தவிடத்துக் கருவியின் துளையை முழுவதும் திறக்க வேண்டும் என்னும் அளவில் என் அறிவு இருந்தது. அவ்வாறே திறந்தேன், படமும் எடுத்தேன். கருவியின் பின்புறத்துள்ள சிறு திரையில் படம் அழகாகவே தோன்றியது. அதனை ஒரு முழ அளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டுக் கையில் வாங்கியபோதுதான் குறை புலனாயிற்று. மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த திங்களில் அன்னையார் இயற்கை எய்தினார்.

பூவில் நின்ற தெளிவு கண்ணில் ஏன் நில்லாது போயிற்று? பூவுக்கும் கண்ணுக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஒரு சாண் தூரம். ஒரு சாண் தூரத்தில் ஒரு முகம் மறைந்துவிடுமோ? இவ்வினாவே என்னை இக்கலையைப் பற்றிக் கற்கத் தூண்டியது. கற்றவற்றுள் சிலவற்றை, மாணவர்களே, உங்களுக்கு இங்கே கூறுகின்றேன்.

முதலில், ஒளி செல்லும் வகையை அறிதல் வேண்டும். ஒரு மல்லிகை மொட்டின் நுனியை ஒரு புள்ளியாகக் கொள்வோம். அப்புள்ளியிலிருந்து ஒளி எல்லாப் பக்கங்களிலும் பரவுகிறது. அவ்வொளியில் கருவியின் கண்ணாடி வில்லையை நோக்கி வரும் பகுதி ஒரு கூம்பு வடிவானது. கூம்பின் கூர்முனை மொட்டில். அதன் அகன்ற வாய் வில்லையில். வில்லை அவ்வொளியை வளைத்து, மறுபுறத்தில் மற்றொரு கூம்பாக்கிக் கூர்முனையில் கொண்டு சேர்க்கிறது. அக்கூர்முனை விழும் இடத்தில் படலமோ ஒளியுணர் தகடோ இருப்பின், புள்ளி புள்ளியாகவே பதியும். இதனையே தெளிவு என்கிறோம்.

மொட்டுக்குப் பின்னால் உள்ள கண்ணின் நிலை என்ன? அதிலிருந்து வரும் ஒளி தகட்டை அடைவதற்குச் சற்று முன்னரே கூர்முனையில் குவிந்து, பின்னர் மீண்டும் விரிந்து தகட்டில் விழுகிறது. அங்கே புள்ளி புள்ளியாக இராது. சிறு வட்டமாகப் பரந்துவிடும். கண்ணிமையின் மயிர் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆயது அன்றோ? அப்புள்ளிகள் அனைத்தும் வட்டங்களாகி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், மயிர் எங்கே, இமை எங்கே? எல்லாம் கலந்து மங்கலாகும்.

ஆகவே, உண்மையை நோக்கின், ஒரு கருவியால் முழுத் தெளிவோடு காட்டத்தக்கது ஒரே ஒரு தளம்தான். அதற்கு முன்னுள்ளனவும் பின்னுள்ளனவும் எவ்வளவேனும் மங்கலே. எனினும், வட்டம் மிகச் சிறிதாக இருக்கும்போது நம் கண் அதனை வட்டமென்று அறிவதில்லை, புள்ளியென்றே கொள்கிறது. நம் கண்ணின் இக்குறையால், தெளிந்த தளத்துக்கு முன்னும் பின்னும் ஓரளவு தொலைவு தெளிவாகவே தோன்றுகிறது. இவ்வாறு தெளிவாகத் தோன்றும் தொலைவின் அளவையே ஒளிப்படக் கலைஞர் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்பர். தமிழில் அதனைப் புல ஆழம் எனலாம்.

கருவியின் சிறு திரையில் என் அன்னையாரின் கண்கள் தெளிவாகத் தோன்றியதன் காரணமும் இதுவே. சிறிய படத்தில் வட்டங்களும் சிறியன. படத்தைப் பெரிதாக்கும்போது வட்டங்களும் கூடவே பெரிதாகின்றன. முப்பத்தாறு மில்லிமீட்டர் நீளமும் இருபத்து நான்கு மில்லிமீட்டர் அகலமும் உடைய தகட்டுக்கு, மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள வட்டத்தைப் புள்ளியெனக் கொள்ளலாம் என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. இதுவும் ஓர் உடன்பாடே. இயற்கை வகுத்த எல்லை அன்று.

இனி, இப்புல ஆழம் கூடுவதும் குறைவதும் எவற்றால் என்பதைக் காண்போம். முதன்மையானது வில்லையின் துளை. துளை அகன்றிருப்பின் ஒளிக்கூம்பு பருத்திருக்கும். சற்று விலகினும் வட்டம் பெரிதாகும். துளை குறுகியிருப்பின் கூம்பு ஊசிபோல் மெலிந்திருக்கும். சிறிது விலகினும் வட்டம் பெரிதாகாது. இவ்வுண்மையை வில்லையும் கருவியும் இன்றியே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் மூக்குக் கண்ணாடியின்றிப் படிக்க இயலாத முதியோர் ஒருவர் இருப்பார். ஒரு தாளில் குண்டூசியால் ஒரு துளையிட்டு, நல்ல வெயிலில் அத்துளையைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியின்றியே எழுத்துக்கள் தெளியும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிய ஒரு நண்பகலில் யானே இவ்வாறு ஒரு கடிதத்தைப் படித்து முடித்திருக்கிறேன். தொலைவில் வருவோர் யாரென்று அறிய முதியோர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் இதனாலேயே. ஒளிநூல் கல்லாத பாட்டியும் துளையைக் குறுக்கிப் புல ஆழத்தைப் பெருக்கிக்கொள்கிறார்.

துளையின் அளவைக் குறிக்கும் எண் தொடக்கத்தில் எவரையும் மயக்கும். எஃப் 2, எஃப் 4, எஃப் 8, எஃப் 16 என்று எண் பெருகப் பெருகத் துளை சிறுகுகிறது. இதனை என் மகளிடம் கேட்டுப் புரிந்துகொள்ளாமல், எங்கள் ஊரில் பல்லாண்டுகளாக ஒளிப்பட நிலையம் நடத்திவரும் நண்பரிடம் சென்றேன். அவர் நெசவாளர் குடியிற் பிறந்தவர். “ஐயா, நாற்பதாம் எண் நூல் பருமனா, நூறாம் எண் நூல் பருமனா?” என்று கேட்டார். “நாற்பதே பருமன், நூறு மெல்லியது” என்றேன். “இதுவும் அப்படித்தான்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவ்வெண் துளையின் அளவு அன்று. வில்லையின் குவியத் தூரத்தைத் துளையின் குறுக்களவால் வகுத்தால் கிடைக்கும் ஈவு. குவியத் தூரம் 85 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். எஃப் 1.8 என்னும்போது துளையின் குறுக்களவு ஏறக்குறைய 47 மில்லிமீட்டர். எஃப் 8 என்னும்போது அது 11 மில்லிமீட்டருக்கும் குறைவு.

யான் அன்று எடுத்த படத்தின் கணக்கையும் நண்பர் போட்டுக் காட்டினார். வில்லை 85 மில்லிமீட்டர். துளை எஃப் 1.8, பூச்சரத்துக்கும் கருவிக்கும் இடையே ஒன்றரை மீட்டர். இந்நிலையில் புல ஆழம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அஃதாவது, சரத்துக்கு முன்னே ஒன்றரைச் சென்டிமீட்டர், பின்னே ஒன்றரைச் சென்டிமீட்டர். இரண்டு விரல் அகலத்துக்குள் தெளிவு அடங்கிவிட்டது. ஒரு சாண் பின்னே இருந்த கண்கள் அவ்வெல்லைக்கு எவ்வளவோ அப்பால் இருந்தன. சரத்தை விடுத்து அன்னையாரின் கண்ணிலேயே தெளிவை நிறுத்தியிருந்தாலும், மூக்கின் நுனி சற்றே மங்கியிருக்கும். காதுகள் நன்றாகவே மங்கியிருக்கும். ஆனால், அம்மங்கலை எவரும் குறையாகக் கொள்ளார். பிறர் முகத்தை நோக்குவோர் முதலில் கண்ணையே நோக்குவர். கண் தெளிந்திருப்பின், காது மங்கியதை நெஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முகப்படம் எடுப்போர் கருவிக்கு அணித்தாக உள்ள கண்ணில் தெளிவை நிறுத்துவது இதனாலேதான்.

“துளையை எஃப் 8 ஆகக் குறுக்கியிருந்தால்?” என்று கேட்டேன். “பதினான்கு சென்டிமீட்டர் ஆழம் கிடைத்திருக்கும். கண்ணில் நிறுத்தியிருந்தால் முகம் முழுவதும் தெளிந்திருக்கும், ஐயா. ஆனால் வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகிவிடுமே” என்றார். இங்கேதான் இக்கலையின் இடர்ப்பாடு உள்ளது. துளையைக் குறுக்கினால் ஒளி குறைகிறது. குறைந்த ஒளியை ஈடுசெய்யக் கருவியின் வாயிலை நெடுநேரம் திறந்து வைத்தல் வேண்டும். அந்நேரத்தில் தொடுக்கும் கை அசையும், தலை அசையும், பிடித்திருக்கும் என் கையும் அசையும். குவியாமையால் வரும் மங்கல் ஒருவகை. அசைவால் வரும் மங்கல் மற்றொரு வகை. ஒன்றிலிருந்து தப்புவோர் மற்றொன்றில் அகப்படுதல் உண்டு. அன்னையாரைத் திண்ணையின் விளிம்புக்கு வரச் சொல்லியிருந்தால் இரண்டுமே நேர்ந்திரா. நான்கடி நகர்ந்தால் போதும். வெயில் வெளிச்சம் அங்கே இருந்தது.

இரண்டாவது, தொலைவு. அதே வில்லையோடும் அதே துளையோடும் ஒன்றரை மீட்டருக்கு மாறாக மூன்று மீட்டர் தள்ளி நின்றிருந்தால், புல ஆழம் மூன்று சென்டிமீட்டரிலிருந்து பதின்மூன்று சென்டிமீட்டராக உயர்ந்திருக்கும். தொலைவு இரட்டித்தால் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது இதனால் விளங்கும். மூன்றாவது, வில்லையின் குவியத் தூரம். நின்ற இடம் மாறாமல் நீண்ட குவியத் தூரமுள்ள வில்லையை மாட்டினால் ஆழம் சுருங்கும். ஆனால், நீண்ட வில்லையை மாட்டிவிட்டு, முகம் முன்போன்ற அளவிலேயே தோன்றும்படி பின்னே நகர்ந்து நின்றால், ஆழத்தில் மிகுந்த வேறுபாடு இராது. பின்புலத்து மங்கல் மட்டும் பெரிதாகத் தோன்றும். இதனை அறியாதார் பலர், நீண்ட வில்லை என்றாலே ஆழம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

பள்ளி ஆண்டு இறுதியில் நீங்கள் வகுப்போடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்வீர்கள். முன்வரிசையில் ஆசிரியர்கள் நாற்காலியில் அமர்ந்திருப்பர். பின்னே இரண்டு வரிசை, மூன்று வரிசை மாணவர் நிற்பர். 50 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 8 இல் வைத்து, ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள முன்வரிசையில் தெளிவை நிறுத்தினால், மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் முதல் ஒன்பதரை மீட்டர் வரையில் உள்ளன எல்லாம் தெளிவாகப் பதியும். முன்னே ஒன்றரை மீட்டர் அளவும், பின்னே நான்கரை மீட்டர் அளவும் ஆழம் கிடைக்கிறது. அண்மையில் எடுக்கும் முகப்படத்தில் முன்னும் பின்னும் ஒத்திருந்த ஆழம், தொலைவு கூடக் கூடப் பின்புறமாக நீண்டுவிடுகிறது. ஆகவே, கடைசி வரிசையில் நிற்கும் மாணவர் தம் முகம் மங்கிவிடுமே என்று கவலுற வேண்டுவதில்லை. மங்கினால் அது பெரும்பாலும் அவர் திரும்பிப் பேசியதால் நேர்ந்ததாகவே இருக்கும்!

புல ஆழத்தின் குறைவை ஒரு குறையாகவே இதுகாறும் பேசிவந்தேன். அதனையே அழகாக்கிக் காட்டிய ஒருவரைப் பற்றி இனிக் கூறுதல் வேண்டும். அவர் ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் ஆங்கில மாது. 1815 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லசு ஹே காமரன் இந்தியாவில் உயர்பதவி வகித்த சட்ட அறிஞர். பின்னர் இக்குடும்பம் இங்கிலாந்து சென்று, வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் குடியேறியது. 1863 ஆம் ஆண்டு கிறித்துமசுத் திருநாளையொட்டி, அவருடைய மகளும் மருமகனும் தனிமையில் இருந்த அவருக்கு ஒரு படக்கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதுவரை படம் எடுத்துப் பழகாதவர், கோழிக்கூண்டு இருந்த இடத்தைக் கண்ணாடி வேய்ந்த படக்கூடமாக்கினார். நிலக்கரி வைத்திருந்த அறையை இருட்டறையாக்கினார்.

அக்காலத்தில் படம் எடுத்தல் எளிய செயல் அன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னே படமும் எடுத்துக் கழுவியும் முடித்தல் வேண்டும். தகட்டின் ஒளியுணர்வு மிகக் குறைவு. படம் பதியும் வரையில் அமர்ந்திருப்போர் அசையலாகாது. தொழில்முறைப் படக்காரர் பலர், அமர்வோரின் தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கியை நிறுத்தி அசையாது பிடிக்கச் செய்தனர். காமரன் அம்மையாரின் கருவி பெரியது. தகடு ஏறக்குறைய பதினோர் அங்குல நீளமுடையது. பெரிய தகட்டுக்கு நீண்ட குவியத் தூரமுள்ள வில்லை வேண்டும். அவருடைய முதல் வில்லையின் குவியத் தூரம் ஏறக்குறைய 12 அங்குலம். துளையோ மூன்று அங்குலத்துக்கு மேல். நாம் காப்பி அருந்தும் குவளையின் வாயினும் அகன்ற துளை! அத்தகைய துளையோடு, முகத்துக்கு மிக அருகில் கருவியை நிறுத்தினால் புல ஆழம் எவ்வளவாகும் என்பதை முன் கூறிய கணக்கிலிருந்து நீங்களே உய்த்துணரலாம்.

முகம் மெல்ல மெல்ல மங்கி மயிரிலும் ஆடையிலும் கரைவது போன்ற படங்கள் அவர் கையில் பிறந்தன. அக்காலத்துப் படக்கலைஞர் பலர் அவற்றைக் குற்றம் கூறினர். குவியம் பார்க்கத் தெரியாதவர் என்று எள்ளினர். அவர் எழுதிவைத்த தன் வரலாற்றுக் குறிப்பில், முதலில் அவ்வாறு அமைந்தது தற்செயலே என்பதை மறைக்கவில்லை. குவியம் பார்த்துக்கொண்டு வரும்போது தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவதாகவும், பிறர் வற்புறுத்தும் கூர்மைவரையில் வில்லையைத் திருகிச் செல்வதில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். தற்செயலைத் தெரிந்து கைக்கொண்டார் என்பதே என் கருத்து. அவர் படங்கள் சிலவற்றில் அசைவால் வந்த மங்கலும் உண்டு. அவை எல்லாவற்றையும் கலையென்று புகழ எனக்கு மனம் இல்லை.

ஆனால், வானநூல் வல்லார் சர் ஜான் எர்செலை 1867 ஆம் ஆண்டில் அவர் எடுத்த படத்தைக் கண்டோர் எளிதில் மறவார். படம் எடுத்தலுக்கு ‘ஃபோட்டோகிராஃபி’ என்னும் பெயரை 1839 ஆம் ஆண்டில் பரப்பியவரும், படத்தை அழியாது நிலைநிறுத்தும் உப்பைக் கண்டறிந்து கூறியவரும் அந்த எர்செலே ஆவார். முதுமையுற்ற அவர் முகத்தைக் கரிய பின்புலத்தில் அம்மையார் நிறுத்தினார். ஒளி ஒருபுறமிருந்து விழுகிறது. கண்களும் நெற்றியின் வரிகளும் நம்மை நோக்கி வருகின்றன. வெண்மயிர் புகைபோல் கலைந்து இருளில் கரைகிறது. தலைமயிரைக் கழுவிக் கலைத்துவிடும்படி அவரை அம்மையார் கேட்டுக்கொண்டார் என்பர். அம்முகத்தில் காது தெளிவாக இருந்திருப்பின் நமக்கு ஆவதென்ன?

அம்மையாரின் வரலாற்றில் நமக்கு அணுக்கமான பகுதி ஒன்றும் உண்டு. அவர் கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 ஆம் ஆண்டில் இருவரும் இலங்கை சென்று களுத்துறையில் வாழ்ந்தனர். அங்கும் அவர் தம் கருவியைக் கொண்டு சென்று, ஊர் மக்களையும் தோட்டத்தில் உழைத்தோரையும் படம் எடுத்தார். இங்கிலாந்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களோடு ஒப்பிட, இவை மிகச் சிலவே. கவிஞரையும் அறிஞரையும் எடுத்த படங்களில் பெயர் உண்டு. இவ்வுழைப்பாளர் படங்களில் பெரும்பாலும் பெயர் இல்லை. ‘உழவர்’ என்றும் ‘இளம்பெண்’ என்றும் குறிப்பு மட்டுமே காண்கிறது. 1879 ஆம் ஆண்டில் அவர் இலங்கையிலேயே காலமானார். மலைநாட்டுப் பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

இதற்கு நேர்மாறான கொள்கை உடையோரும் இருந்தனர். 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோ நகரில் ஆன்சல் ஆடம்சு, எட்வர்டு வெசுட்டன் முதலிய கலைஞர்கள் ஒரு குழுவாகக் கூடினர். தம் குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘எஃப் 64’. பெரிய கருவியில் மிகக் குறுகிய துளையின் எண் அது. அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருசேரத் தெளிதல் வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். எனினும், துளையை எல்லைமீறிக் குறுக்குவதாலும் ஒரு கேடு உண்டு. ஒளி குறுகிய துளையின் விளிம்பில் பட்டு விலகிப் பரவும். அதனால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். சிறிய தகடுள்ள கருவியில் இக்கேடு விரைவில் தோன்றும்.

இன்று பலரும் கைப்பேசியாலேயே படம் எடுக்கின்றனர். கைப்பேசியின் வில்லை மிகச் சிறியது. குவியத் தூரம் சில மில்லிமீட்டர் அளவே. ஆதலின் அதன் புல ஆழம் இயல்பாகவே மிகுதி. முகமும் தெளியும், பின்னே கொடியில் உலரும் துணியும் தெளியும். 2016 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி ஒன்றில், இரண்டு வில்லைகளின் உதவியால் தொலைவைக் கணித்து, பின்புலத்தைக் கணக்கினாலேயே மங்கச் செய்யும் முறையை அமைத்தது. பிற நிறுவனங்களும் அம்முறையைப் பின்பற்றின. முறை நன்றே. ஆனால், கூந்தலில் சூடிய பூவின் பாதியைப் பின்புலமென்று கருதி அழித்துவிட்ட படங்களை யான் கண்டதுண்டு. வில்லை செய்யும் மங்கல் படிப்படியாக வரும். கணக்குச் செய்யும் மங்கல் சில வேளைகளில் கத்தரித்தாற்போல் வரும். காது மடலருகே உற்று நோக்கினால் இவ்வேறுபாடு புலனாகும்.

நீங்கள் சோதனை செய்து பார்க்க விரும்பினால், துளையை மாற்றத்தக்க கருவி ஒன்றை யாரிடமேனும் இரவலாகப் பெற்று, ஒரு பலகையில் புளியங்கொட்டைகளை இரண்டு விரல் இடைவெளியில் வரிசையாக வைத்து, வரிசையின் ஒரு கோடியிலிருந்து சாய்வாக நோக்கி, நடுக்கொட்டையில் தெளிவை நிறுத்துங்கள். துளையை மட்டும் மாற்றி ஐந்தாறு படங்கள் எடுங்கள். எத்தனை கொட்டைகள் தெளிந்தன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் எனக்குக் கற்பித்த முறை இதுதான். முதல் படத்தில் ஒரே ஒரு கொட்டையும் கடைசிப் படத்தில் வரிசை முழுவதும் தெளிந்ததைக் கண்டபோது, இதனை ஓராண்டுக்கு முன் கற்றிருக்கலாகாதா என்று எண்ணினேன்.

அன்னையாரின் படத்தைத் திருத்த இயலுமா என்றும் முயன்று பார்த்தோம். மங்கிய படத்தைத் தெளிவாக்கும் கணினிச் செயலிகள் இப்பொழுது வந்துள்ளன. என் மகள் அவற்றுள் ஒன்றில் படத்தை இட்டாள். சில நொடிகளில் கண்கள் தெளிந்தன. இமைமயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தகட்டில் பதியாதுபோன ஒளியை எந்தச் செயலியும் மீட்டுத் தருவதற்கில்லை. ஆயிரமாயிரம் முகங்களைக் கற்றறிந்த கணினி, இவ்விடத்தில் இத்தகைய கண் இருக்கலாம் என்று ஊகித்து வரைந்திருந்தது. அன்னையாரின் இடக்கண் இமை சற்றே தாழ்ந்திருக்கும். சிறு வயதில் அம்மை கண்ட வடுவும் அங்கே உண்டு. திரையில் இருந்த கண்ணில் தாழ்வும் இல்லை; வடுவும் இல்லை.

“இது பாட்டி இல்லை, அப்பா” என்று சொல்லி அவள் அதனை அழித்துவிட்டாள். பழைய படமே மீண்டும் சுவருக்குச் சென்றது. இல்லத்துக்கு வருவோர் அதன்முன் நின்று, பூவைத்தான் முதலில் பார்க்கின்றனர். “என்ன நெருக்கமான தொடுப்பு!” என்பர். அன்னையார் எப்பொழுதும் அவ்வாறுதான் தொடுப்பார். ஒரு முழச் சரத்துக்கு அவருக்குப் பிறரைக் காட்டிலும் இருமடங்கு பூ வேண்டும்.